பாலத்துக்குத் திரும்பிப் போன நடை

ஏலேய், அந்த செல்லைக் கொஞ்சம் கீழ வைங்கடா. தெருமுனையில பால் பாக்கெட் வாங்கப் போறதுக்கே பைக் சாவியைத் தேடுற கூட்டம் நீங்க. உங்ககிட்ட வந்து திருச்செந்தூருக்கு நடந்து போனவங்க கதையைச் சொல்றேன் பாருங்க, என்னைச் சொல்லணும். பரவால்ல, படுத்துக்கிட்டே கேளுங்க. நடந்தது நீங்க இல்லையே.

சாத்தூர்ல சேவுக்கடை வச்சிருக்கிற செண்பகராஜும் அவர் பொண்டாட்டி தங்கபுஷ்பமும் அந்த வருஷம் தைப்பூசத்துக்கு மாலை போட்டாங்க. முந்துன வருஷம் மகளுக்கு மூளைக்காய்ச்சல். பிள்ளை ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காமக் கிடந்தப்ப, ரெண்டு பேரும் வராண்டாவுல நின்னு வேண்டிக்கிட்டாங்க. பிள்ளையை எழுப்பிக் குடு முருகா, நாங்க சோடியா உன் வாசல் வரைக்கும் நடந்து வர்றோம்னு. பிள்ளை எந்திரிச்சுட்டா. இனி நடந்துதான் தீர்க்கணும்.

கூட்டத்துக்கு குருசாமி ஆவுடைத்தாய். அதே தெருவுல தையல் மிஷின் வச்சிருக்கிறவங்க, செண்பகராஜை விட வயசு கம்மி. ஆனா வருஷம் தவறாம நடந்து காய்ச்சுப் போன காலு. கடையில ‘என்ன தாயி, காராச்சேவா’ன்னு கேட்ட மனுஷன், மாலை போட்டதுல இருந்து ‘குருசாமி’ன்னு கையைக் கட்டி நின்னாரு.

மாலை போட்டுட்டா எல்லாரும் சாமிதான். புருஷன் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் சாமின்னுதான் கூப்பிடணும். சண்டை போட்டாலும் அப்படித்தான். ‘கண்ணு இல்லையா சாமி, முள்ளைப் பாத்து மிதிங்க’ன்னு தங்கபுஷ்பம் வையும். ‘உங்க சோலியைப் பாருங்க சாமி’ன்னு இவரு முறைப்பாரு. ரோட்டுல போறவன் கேட்டா என்னா பக்தின்னு கும்புட்டுட்டுப் போவான்.

கிளம்பும்போது குருசாமி ஒரே ஒரு கட்டுப்பாடுதான் சொன்னாங்க. கோயிலைப் பாத்து வச்ச கால் வச்சதுதான். துண்டை விட்டாலும் சரி, சோத்துப் பொட்டலத்தை விட்டாலும் சரி, எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது.

முதல் நாள் பாட்டுப் பாடிக்கிட்டுப் போன கூட்டம்தான். எட்டயபுரம் தாண்டும்போது அரோகரா சொல்லக்கூட ஆள் இல்ல. ரெண்டு பக்கமும் கரிசக்காடு, நிழலுக்குன்னு நின்னா முள்ளு மரம். தாரு ரோடு தோசைக்கல்லு மாதிரி காயுது. முன்னாடி போறவன் முதுகைப் பாத்து நடக்குறது, அவ்வளவுதான். சண்டை போடுறதுக்குக்கூட தெம்பில்லாம இவங்க ரெண்டு பேரும் சாமிங்கிறதையே விட்டுட்டு ‘ம்’ மட்டும் போட்டுக்கிட்டு நடந்தாங்க.

சட்டிக்கு முன்னாடி உக்காந்தே பழகுனவரு செண்பகராஜ். குதிகால் கொப்புளம் உடைஞ்சு, ஒரு ஓடைப் பாலத்துச் சுவர்ல உக்காந்துட்டாரு. தங்கபுஷ்பம் காலும் அப்படித்தான் கிடந்துச்சு. ஆனா உக்காந்தா எந்திரிக்க முடியாதுன்னு அதுக்குத் தெரியும்.

நீங்க போங்க சாமி, பின்னாடியே வர்றேன்னாரு. அன்னதானப் பந்தலுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு வேப்பமரம் இருக்காம், அங்க நிக்கிறேன்னுட்டு அது போச்சு. சோடியா வர்றோம்னு வேண்டுன வாயி. பந்தலுக்குள்ளயும் தனியா நுழைய அதுக்கு மனசு வரல.

அது போய் வெகு நேரம் கழிச்சு ஒரு குட்டியானை வந்துச்சு. பயப்படாதீங்கடா, சின்ன லோடு வண்டி. பந்தலுக்குத் தண்ணி கேன் ஏத்திக்கிட்டு வருது. ஓட்டுனவன் ஒரு வாயாடிப் பய. காலேஜைப் பாதியில விட்டவன், ரோட்டுல போற ஆட்டைக்கூட ஒரு வார்த்தை பேசாம விடமாட்டான். வண்டியை நிறுத்தித் தலையை நீட்டுனான்.

‘ஏறுங்க சாமி. முருகனே மயில்லதான் போறாரு. அவரு என்ன நடந்தா போறாரு?’

செண்பகராஜ் முன்னாடி பாத்தாரு, பின்னாடி பாத்தாரு. யாரும் இல்ல. ஏறிட்டாரு.

கேனுக்கு நடுவுல உக்காந்து காத்து மூஞ்சியில பட்டதும் கண்ணு சொருகிப் போச்சு. முழிச்சப்ப வேப்பமரம் வந்துருச்சு. கேன் இடுக்கு வழியாப் பாத்தாரு. தங்கபுஷ்பம் ரோட்டோரத்துல நின்னு, கண்ணுக்கு மேல கையை வச்சு, வந்த வழியையே பாத்துக்கிட்டு இருக்கு. வண்டியைக் கண்டதும் நிறுத்தச் சொல்லி கையைக் காட்டுச்சு. இவரு தலையை முழங்காலுக்குள்ள சொருகிக்கிட்டாரு.

வண்டி நிக்கல.

பந்தலுக்குப் பின்பக்கமா இறங்கி, காலைக் கழுவி, ஒரு மூலையில சாஞ்சாரு. இப்ப வந்துரும்னு பாத்தாரு, வரல. எலுமிச்சஞ்சோறு போட்டாங்க, தின்னாரு. அப்பவும் வரல. எங்க வீட்டுச் சாமிக்கு நடை ரொம்ப மெதுவுன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட குறை வேற சொல்லிக்கிட்டாரு.

பொழுது சாயப் போற நேரத்துல தங்கபுஷ்பம் வந்துச்சு. ஒரு காலை ஊணாம இழுத்துக்கிட்டு. இவரைப் பாத்ததும் கோவப்படல. கோவப்படவும் தெம்பு வேணும்ல.

‘எப்படி வந்தீங்க சாமி? நான் பாக்கவே இல்லையே.’

‘ஓடைக்குள்ள இறங்கி குறுக்கால வந்துட்டேன்.’

‘நல்லவேளை. எங்கயும் மயங்கிக் கிடக்கீங்களோன்னு பாலம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வர்றேன்.’

அவ்வளவுதான். சாக்கை விரிச்சுச் சாஞ்சுச்சு, சோறுகூட கேக்காமத் தூங்கிப் போச்சு.

அந்நேரம் பாத்து போன் அடிச்சது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே போன்தான், அது இவர் பையில. மகளை யார் வீட்டுல விட்டுட்டு வந்தாங்களோ அந்தத் தங்கச்சி பேசுனா. பிள்ளைக்கு மத்தியானத்துல இருந்து லேசா உடம்பு சுடுதாம். பதறாதீங்கண்ணே, சொல்லணும்னுதான் சொன்னேன்னா.

மத்தியானம். இவரு வண்டி ஏறுனதும் மத்தியானம்தான்.

நேரா குருசாமிகிட்ட போனாரு. அவங்க தண்ணி கேன் அடுக்கியிருந்த பக்கமா உக்காந்து, பழைய வேட்டியை நீளம் நீளமாக் கிழிச்சுக்கிட்டு இருந்தாங்க, கொப்புளத்துக்குக் கட்ட. வண்டிக்காரப் பய காலி கேனை எடுத்து வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தான்.

ஒரு தப்பு நடந்து போச்சு குருசாமின்னாரு. அவங்க கிழிக்கிறதை நிறுத்தல.

‘எங்க வீட்டுச் சாமி திரும்பிப் போயிருச்சு. பாலம் வரைக்கும். நீங்க அவ்வளவு சொல்லியும் கேக்கல. இப்ப பிள்ளைக்கு உடம்பு சுடுதாம். அதனால வேண்டுதலுக்குக் குறை வந்துருமா?’

பாத்தீங்களா ஆளை. சிரிக்காதீங்க, நீங்களா இருந்தாலும் அங்க இருந்துதான் ஆரம்பிச்சிருப்பீங்க.

‘எதுக்குத் திரும்பிப் போச்சு?’

‘என்னைத் தேடி.’

‘நீங்க எங்க இருந்தீங்க?’

வண்டிக்காரன் கையில இருந்து ஒரு கேன் நழுவி டமால்னு விழுந்துச்சு. குருசாமி அவனைப் பாத்தாங்க. கேனைப் பாத்தாங்க. அப்புறம் இவரைப் பாத்தாங்க.

‘வண்டியில,’ன்னாரு.

ஒண்ணைச் சொன்ன பிறகு மிச்சமும் தானா வந்துருச்சு. கேனுக்கு நடுவுல ஒளிஞ்சது, ஓடைன்னு பொய் சொன்னது, எலுமிச்சஞ்சோறு தின்னது வரைக்கும் சொன்னாரு. இப்பவே பாலத்துக்குப் போய் அங்க இருந்து நடந்து வந்துடவான்னு கேட்டாரு.

‘அந்தக் காலோடயா?’

‘பிள்ளை விஷயம் குருசாமி.’

‘நீங்க ஏறுன எடத்துல இருந்து இறங்குன எடம் வரைக்கும் அந்தச் சாமி ரெண்டாவது தரமும் நடந்து வந்துருக்கு. ஒண்ணு அதோடது. இன்னொண்ணை உங்களுதா வச்சுக்கோங்க. முருகன் வேண்டாம்னா சொல்லப் போறாரு?’

மனுஷனுக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. அதோட எந்திரிச்சுப் போயிருக்கலாம். தராசு பிடிச்ச கை, சும்மா இருக்குமா?

‘அப்ப நடுவுல திரும்பிப் போன நடை? அது கோயிலுக்கு முதுகைக் காட்டி நடந்ததாச்சே. அது யாரு பேர்ல சேரும்?’

குருசாமி ஒரு துணியை எடுத்து நீட்டுனாங்க. இவரு வாங்கி, தன் குதிகால்ல சுத்தக் குனிஞ்சாரு.

‘முருகனுக்கு முதுகைக் காட்டி, யாரைப் பாத்து நடந்துச்சோ, அவரு பேர்ல.’

குனிஞ்சவரு குனிஞ்சபடியே இருந்தாரு. அப்புறம் அந்தத் துணியைச் சுத்தாமலே எடுத்துக்கிட்டுப் போய், தங்கபுஷ்பம் காலடியில உக்காந்தாரு. எழுப்பல. முழிக்கட்டும்னு உக்காந்தே இருந்தாரு.

பிள்ளைக் காய்ச்சல்தான கேக்குறீங்க. மறுநாளே விட்டுருச்சு. எவனோ வாங்கிக் குடுத்த ஐஸை ரெண்டு மூணு தின்னுருக்கா.

அந்த வண்டிக்காரப் பய யாருன்னு மட்டும் ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறீங்களே. நான்தான்டா. அவரு கால் பாவம்னு எல்லாம் ஏத்தல, தனியா ஓட்டப் போரடிச்சது. வேப்பமரத்துக்கிட்ட அந்தம்மா கையைக் காட்டுனப்ப, இவரு பின்னாடி பம்முறது எனக்குக் கண்ணாடியில நல்லாத் தெரிஞ்சுச்சு. சிரிச்சுக்கிட்டே போயிட்டேன்.