வக்கீலின் அசல் கிதார்

நாகர்கோவிலில் ஒரு டயர் கடையின் மாடியில் ரெஜினா வீடியோ கேம் விளையாடக் கற்றுக்கொடுத்து வந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. சீடர்களில் மூத்தவரான வக்கீல் செண்பகராமனுக்கு அறுபதை நெருங்கும் வயது. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

விளையாட்டு எளியது. திரையில் பாட்டு ஓடும், வண்ணப் புள்ளிகள் இறங்கி வரும். கையில் ஒரு பிளாஸ்டிக் கிதார். வருகிற வண்ணத்துக்கான பொத்தானைத் தாளம் தப்பாமல் அழுத்த வேண்டும். தப்பினால் திரையில் இருக்கும் கூட்டம் ஊளையிடும்.

தலை நரைத்த மனிதருக்கு இது எதற்கு? எல்லாம் மாசிலாமணி வக்கீலால் வந்தது. கோர்ட்டில் எதிர்த்தரப்பில் மாசிலாமணி நின்றால் செண்பகராமன் தோற்றார் என்று அர்த்தம். தோற்ற கையோடு காய்ச்சல் வந்து படுத்துவிடுவார். சாக்கு இல்லை, தெர்மாமீட்டரே காட்டும். இந்த வருஷம் வக்கீல் சங்க ஆண்டு விழாவில் இந்த விளையாட்டுக்குப் போட்டி வைத்தார்கள். மாசிலாமணி பெயர் கொடுத்தார். இவரும் கொடுத்தார். இதிலாவது ஒரு தடவை அந்த ஆளை ஜெயித்துவிட வேண்டும் என்று தவித்தார்.

விழா நெருங்கும்போது ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறினார். உள்ளே தேக்கு நிறத்தில் ஒரு கிதார். ஆறு கம்பி, தோல் வார். மேடைக் கிதார் போலவே இருந்தது. ஆனால் இதுவும் விளையாட்டுக்குத்தான்; கம்பிகளுக்கு அடியில் அதே வண்ணப் பொத்தான்கள். தானாக ஒரு முனகல்கூட வராது.

"பொம்மையை மாட்டிக்கிட்டு ஜட்ஜுங்க முன்னால எப்படி நிக்கது, டீச்சர்? இது அசல் மாதிரியே இருக்குல்லா?"

"வாசிங்க சார்."

அவர் உட்கார்ந்து, கம்பிகளில் காதை வைத்து, குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகினார். காலேஜில் கிதார் கற்ற பழக்கம்.

"என்ன செய்யுதீங்க சார்?"

"சுருதி சேர்க்கேன்."

"எதோட?"

செண்பகராமன் கையை எடுத்துக்கொண்டார்.

பாட்டு தொடங்கியது. அவர் திரையைப் பார்க்கவேயில்லை. கம்பிகளில் ஓடும் தன் விரல்களின் அழகில் சொக்கிப்போயிருந்தார். நடுநடுவே கைச்சரக்கு வேறு சேர்த்தார். எல்லாம் தப்பாகப் பதிவானது. பாட்டு பாதியில் நின்று, கூட்டம் ஊளையிட்டது.

"பழகினா வந்துரும் டீச்சர். அசலோட நாதம் பொம்மைக்கு வருமா?"

"சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க. ரெண்டு தடவை வாசிக்கேன். எது எதுன்னு சொல்லுங்க."

அவர் கிதாரை அவளிடம் கொடுத்துவிட்டு, டயர் கம்பெனி காலண்டரைப் பார்த்தபடி நின்றார். ஒரே பாட்டு இரண்டு முறை ஒலித்தது.

"முதல்ல வாசிச்சது பொம்மை. கேட்டதுமே பல்லிளிச்சிட்டு. ரெண்டாவது என் கிதார். அடடா, என்ன கனம்!"

"முதல்ல வாசிச்சது பொம்மைதான் சார்."

அவர் முகமெல்லாம் மலர்ந்து திரும்பினார்.

"ரெண்டாவதும் அதான். உங்க கிதாரை அப்பவே பெட்டியில வச்சிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை செண்பகராமன் பிளாஸ்டிக் கிதாரோடு மேடையேறினார். அரங்கமே சிரித்தது. மாசிலாமணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் உட்கார்ந்து, தன் தேக்கு நிறக் கிதாருக்குச் சுருதி சேர்க்கத் தொடங்கினார்.

மறுநாள் செண்பகராமன் தொங்கிய முகத்தோடு மாடியேறினார்.

"தோத்துட்டீங்களா சார்?"

"ஜெயிச்சுட்டேன் டீச்சர்."

"பின்ன என்ன?"

"மாசிலாமணி மேடையில வச்சே சொல்லிட்டுப் போயிட்டார், பொம்மையால வந்தது பொம்மை ஜெயம்னு. இன்னைக்கு கோர்ட் கான்டீன்ல எல்லாரும் அதையே சொல்லுதாங்க. எத்தனை வருஷக் கனவு! இது ஜெயம்தானா, இல்லையா?"

ரெஜினா, கழன்று விழுந்த பச்சைப் பொத்தானைக் கிதாரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மாசிலாமணி சார் இன்னைக்கு கோர்ட்டுக்கு வந்தாங்களா?"

"இல்லை. ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்கிட்டார். காய்ச்சலாம்."

"அந்தக் காய்ச்சல் உங்களுக்குத் தெரியும்லா சார். அது பொம்மையா, அசலா?"

செண்பகராமன் மெல்லத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்தது.