வஸ்தாதின் குதிகால்

வீரர்களுக்கு உடற்பயிற்சி பழக்கிய வஸ்தாது காத்தமுத்து செத்த பிறகும் உடற்பயிற்சிக் கூடத்தை விட்டுப் போகவில்லை. அந்தியில் தனியாக வருகிறவர்களை மடக்குவார்.

"நான் போதும்ங்கிற வரைக்கும் பஸ்கி போடு. குதிகால் தரையை விட்டுக் கிளம்பினா உன் கால் எனக்கு."

அவர் போதும் என்று சொன்னதே இல்லை. இரண்டு வீரர்கள் கால் விளங்காமல் படுத்த படுக்கையானார்கள்.

கபடி அணியில் இடம் கிடைக்காத பூங்காவனமும் ஒருநாள் மாட்டிக்கொண்டாள்.  ஓடாமல் அவரைக் கும்பிட்டாள்.

"முதல்ல நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க வஸ்தாதே. அப்படியே போடுறேன்."

பெருமை தாங்காமல் அவர் உட்கார்ந்து எழுந்தார். சில்லென்று காற்றடித்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"குதிகால் தரையில படலையே!"

மறுபடி உட்கார்ந்தார். பேயின் கால் எங்கே தரையில் படும்? அந்தரத்திலேயே நின்றது.

"நீங்க தோத்துட்டீங்க. உங்க கால் எனக்கு வேண்டாம். அவங்க ரெண்டு பேர் காலையும் திருப்பிக் கொடுங்க."

இருட்டு நீளமாகப் பெருமூச்சு விட்டது. மறுநாள் காலை அந்த இருவரும் கூடத்துக்கு நடந்தே வந்தார்கள்.