கால் ஆள்

“முதலாளி சிரிச்சுட்டாருங்க, டீச்சர்.”

செங்கோடன் சொல்லிவிட்டு நின்றான். உட்காரவில்லை.

டீச்சர் என்பது தில்லைக்கரசி. அந்த பஸ் கம்பெனியின் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. செங்கோடனைவிட நன்றாகவே வயதில் இளையவள். அவன் டயர் மாட்டி மாட்டி முதுகு போய், கம்ப்யூட்டர் முன்னால் வந்து விழுந்து, அவளிடம் வேலை கற்றவன். நரைத்த மீசையோடு அவளை டீச்சர் என்பான். டெப்போவே கேலி பேசும். இருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நடந்தது இதுதான்.

டீசல் விலை ஏறிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று முதலாளி லிஸ்ட் கேட்டார். சைபர் வரும் நிறுத்தத்துக்குத் திங்கட்கிழமையிலிருந்து வண்டி கிடையாது.

செங்கோடன் டேட்டாபேஸிடம் அதைக் கேட்கும் க்வெரியை எழுதினான். மற்ற எல்லா ஊரும் ஒன்றுக்கு மேலேயே வந்தது. மலை உச்சியில் கடைசி நிறுத்தம், கரட்டுமேடு. அது மட்டும் புள்ளி இரண்டு எட்டு என்று வந்தது. அதற்குப் பின்னாலும் வால் நீண்டது. அவன்தான் இரண்டு இலக்கத்தோடு வெட்டியிருந்தான்.

அதைப் பத்துப் பேர் நடுவில் முதலாளி சத்தமாகப் படித்தார். கால் ஆளு ஏறுதா, எந்தக் காலு, வலதா இடதா என்று கேட்டார். ஆபீஸ் சிரித்தது. முழு எண்ணாக மாற்றிக் கொண்டுவா என்று தாளைத் திருப்பித் தந்தார்.

“மாத்துனா என்ன வருது?” என்றாள் டீச்சர்.

“ரவுண்ட் பண்ணுனா சைபருங்க. புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதை வெட்டி எறிஞ்சாலும் சைபர். மேல தூக்கிவிட்டா ஒண்ணு.”

“சைபர்னா?”

“மேட்டுக்கு வண்டி இல்லைங்க.”

“ஒண்ணுன்னா?”

“பொய்ங்க. தெனமும் அங்க ஆள் ஏறலை. முதலாளி ஆளை அனுப்பிப் பாத்தாருன்னா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“அப்ப எது சரி?”

“அதைக் கேக்கத்தானுங்க வந்தேன்.”

டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக்கு யாரும் வருவதில்லை. மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது.

“முதலாளி ஒண்ணு கேட்டாரே. என்ன பதில் சொன்னீங்க?”

“என்ன கேட்டாருங்க?”

“எந்தக் கால்னு.”

“அது நக்கலுங்க, டீச்சர்.”

“நக்கலா இருந்தா என்ன. கேள்விதானே. போய்ப் பாத்துட்டு வாங்கண்ணா.”

மறுநாள் மதியம் மலை வண்டியில் ஏறினான். ஊருக்கு ஊர் ஆட்கள் இறங்கிக்கொண்டே வந்தார்கள். கடைசி ஏற்றத்தில் அவன் ஒருவன்தான். கண்டக்டர் அங்கமுத்து அவனைத் திரும்பிப் பார்த்து, இந்த வயசில் கரட்டுமேட்டுக்குப் பொண்ணு பார்க்கப் போறீங்களா என்று கேட்டான். செங்கோடன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேட்டில் மூடிய டீ ஃபேக்டரி. அதன் பின்னால் வரிசை வீடுகள். கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஒரு கொடியில் ஒரு சேலை காய்ந்தது.

நிறுத்தத்தில் ஒரு அம்மாள் நின்றாள்.

நஞ்சம்மா என்றான் அங்கமுத்து. எஸ்டேட் மூடிய பிறகு எல்லோரும் இறங்கிப் போனார்கள். இவளுக்குப் போக இடமில்லை. சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போகிறாள். இந்த வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லை. ஏழு நாளில் இரண்டு நாள், அதுதான் அந்தப் புள்ளி இரண்டு எட்டு என்று செங்கோடனுக்குப் புரிந்தது. ஆனால் இன்று அவளுக்கு ஆஸ்பத்திரி நாள் இல்லை.

“அப்ப எதுக்கு வந்து நிக்கறாங்க?”

“பாருங்க,” என்றான் அங்கமுத்து.

வண்டி திரும்பி நின்றது. விசிலை அவன் வாய்க்குக் கொண்டுபோவதற்குள், நஞ்சம்மா கைப்பிடியைப் பிடித்து இடது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

ஏறவில்லை. வலது கால் மண்ணிலேயே இருந்தது.

படியில் கால் இருந்தால் விசில் ஊதக் கூடாது. அந்தக் கம்பெனியில் முதலாளியே போட்ட சட்டம். டிரைவர் இன்ஜினை அணைத்தான். பழகிப்போனவன்போல.

அவள் கேட்க ஆரம்பித்தாள். கீழே மழை பெய்ததா. அங்கமுத்து மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா. டீக்கடை நாய் திரும்பி வந்ததா. ஒவ்வொன்றாகக் கேட்டாள், சேர்த்து வைத்த காசை எடுத்துக் கொடுப்பதுபோல. பதில் வந்ததும் அடுத்ததை உடனே கேட்க மாட்டாள். பதிலை வைத்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாள்.

பிறகு செங்கோடனைப் பார்த்தாள்.

“இவரு?”

ஆபீஸ்காரர் என்றான் அங்கமுத்து.

“ஆபீஸா,” என்றாள். “நான் ஏறுறது அங்க தெரியுமாய்யா?”

செங்கோடன் படிப் பக்கம் நகர்ந்து வந்தான்.

“கொஞ்சமாத் தெரியுதுங்க.”

அவள் அதற்குத் தலையாட்டினாள். கொஞ்சம் என்பதே அவளுக்குப் பெரிதாகப் பட்டதோ என்னவோ.

கேட்க இனி எதுவும் இல்லை. கால் மட்டும் படியில் இருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். எடும்மா என்று யாரும் சொல்லவில்லை. ஃபேக்டரித் தகரம் ஒன்று காற்றில் அடித்துக்கொண்டது.

கடைசியில் அவளே தன் காலைக் குனிந்து பார்த்தாள். எடுத்தாள்.

விசில்.

பின்கண்ணாடி வழியாகச் செங்கோடன் பார்த்தான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வளைவு வந்து அவளை மறைத்தது.

டெப்போவுக்கு வந்ததும் நேராக டீச்சர் அறைக்குப் போனான். நாற்காலியைத் தள்ளிப்போட்டாள்.

அவன் க்வெரியைத் திறந்தான். அதில் எண்ணை வெட்டும் கட்டளை இரண்டு இடத்தில் இருந்தது. எந்த நிறுத்தம் தங்கும், எந்த நிறுத்தம் போகும் என்று தீர்மானிக்கும் வரியில் ஒன்று, முழு எண்ணாக. திரையில் எண்ணைக் காட்டும் வரியில் இன்னொன்று, இரண்டு இலக்கத்தோடு. காட்டும் வரியைத் தொடவில்லை. தீர்மானிக்கும் வரியில் இருந்ததை எடுத்தான். ஓட்டினான்.

கரட்டுமேடு புள்ளி இரண்டு எட்டாகவே லிஸ்டில் வந்து நின்றது.

டீச்சர் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கையை நீட்டி ஜன்னலைக் காட்டினாள்.

கீழே முதலாளி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.

செங்கோடன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

“ஏப்பா செங்கோடா, லிஸ்ட் ஆச்சா?”

“ஆச்சுங்க.”

“கரட்டுமேடு சைபரா, ஒண்ணா?”

“ரெண்டும் இல்லைங்க.”

முதலாளிக்கு முகம் சிவந்தது. ஒரு எண்ணைச் சொல்லத் துப்பில்லாதவனுக்குச் சம்பளம் ஒரு கேடா என்றார். டயருக்கே திரும்பிப் போ என்றார். டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னார்.

செங்கோடன் ஒரு காலைத் தூக்கி ஜீப் படியில் வைத்தான்.

டிரைவர் கியரிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“காலை எடு.”

எடுக்கவில்லை.

“என்னடா வேணும் உனக்கு?”

வழியெல்லாம் யோசித்து வைத்த நியாயம் ஒன்றும் வாயில் வரவில்லை. வேறு என்னவோ வந்தது.

“உங்க தோட்டத்துப் பக்கம் மழைங்களா?”

முதலாளி அவனை முறைத்தார். பிறகு படியில் இருந்த காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இல்லப்பா,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “ஒரு தூறல்கூட இல்ல. யாரும் கேக்கறதும் இல்ல.”

இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

“மேட்டுல யாரு இருக்கா?”

“நஞ்சம்மாங்க.”

முதலாளி எதிரே சாலையைப் பார்த்தார். “சரி. வண்டி போகட்டும்.”

“எந்த வண்டிங்க, மேட்டு வண்டியா, ஜீப்பா?”

“ரெண்டும்தான்.”

செங்கோடன் காலை எடுத்தான்.