குச்சிக்குள்ளே ஒரு கல்யாணப் பந்தி

கோணக்குளத்தில் மூளையைப் பங்கு வைத்த அன்று இந்த மூன்று அண்ணன் தம்பிகளும் வேலிக்கு முள் வெட்டப் போயிருந்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மூத்தவர் சாலொமோன், அடுத்தவர் இஸ்ரவேல், கடைக்குட்டி பாக்கியநாதன். இவர்கள் கையில்தான் ஜெபக்கனி தன் அம்மாவின் முகத்தை ஒப்படைக்க வேண்டியிருந்தது.

ஜெபக்கனிக்கு நாற்பது நாளானபோது அம்மா எமிலி இறந்துபோனாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. சாலொமோன் மாமா கல்யாணத்தில் கொழும்புச் சொந்தக்காரர் பிடித்த, அம்மாவும் இருக்கிற சினிமாச் சுருள் மட்டும் தகர டப்பாவில் கிடந்தது. ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லை. இப்போது ஜெபக்கனிக்கே பெண் பிறந்து இருபது நாள். குழந்தையின் மோவாயில் ஒரு குழி. "இது யார் ஜாடை?" என்று பார்க்க வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். அவளுக்கும் தெரிந்தாக வேண்டும். பச்சை உடம்பு, வெளியே போகக்கூடாது. மாமன்மாரை விட்டால் ஆளில்லை.

தென்காசியில் ஒரு ஸ்டுடியோக்காரர் போனில் சொன்னார்: "வெயில் படக்கூடாது, கை படக்கூடாது, ஆட்டக்கூடாது. அப்படிக் கொண்டு வாங்க."

அப்படியே கொண்டு போனார்கள். பாக்கியநாதன் டப்பாவை இரண்டு முழங்கைக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். இஸ்ரவேல் பஸ்ஸுக்குள்ளும் குடை பிடித்தார். பஸ் கிளம்பியதும் சாலொமோன் எழுந்து டிரைவரிடம் போனார்.

"தம்பி, டப்பா ஆடுது. வண்டிய நகத்தாம தென்காசிக்கு விடுங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். மீதி எட்டு மைலும் நடை. நடந்தாலும் ஆடுமே என்று நின்று நின்று நடந்தார்கள்.

ஸ்டுடியோக்காரர் கட்டைவிரல் அளவில் குச்சி மாதிரி ஒரு பென் டிரைவைக் காட்டினார். "கல்யாணம் முழுசும் இதுல ஏறிரும்."

மூவரும் வாசலுக்கு வந்து கூடிப் பேசினார்கள்.

"எரநூறு பேரு. அதுவும் பந்தியில உண்டு எந்திரிச்சவங்க. மூச்சு முட்டும்லா?" என்றார் இஸ்ரவேல்.

"பாதிப் பேர விட்டுருவோம்ணே," என்றார் பாக்கியநாதன்.

"எமிலிய?"

"அவ ஒல்லி. ஓரமா நின்னுக்கிடுவா."

சாலொமோன் தாடையைச் சொறிந்தார். "அதவிடுங்கல. எங்க மாமனாரும் நம்ம சித்தப்பாவும் அன்னைக்குப் பாயசத்துக்குக் கைகலந்தவங்க. ரெண்டு பேரையும் ஒரே குச்சியில அடைக்கலாமா?"

உள்ளே போய், "சித்தப்பாவுக்குத் தனிக்குச்சி," என்றார்கள். ஸ்டுடியோக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு குச்சியிலும் முழுப் படத்தையும் ஏற்றிக் கொடுத்தனுப்பினார்.

வீட்டில் ஜெபக்கனி முதல் குச்சியை டிவியில் செருகினாள். திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தால் நடுவில் ஒரு ஓட்டை.

"காத்துக்குத்தான், மக்களே," என்றார் இஸ்ரவேல். "கோணி ஊசியக் காய்ச்சி ஒண்ணு போட்டேன். எமிலிக்கு மூச்சு எளப்பு உண்டுல்லா?"

ஜெபக்கனி கையை நீட்டினாள். "அந்த இன்னொண்ணைக் குடுங்க மாமா."

"அது வேண்டாம் தாயி. அதுல சித்தப்பா மட்டும்தான்."

"அவருக்கு ஓட்டை போட்டீங்களா?"

"அவருக்கு எதுக்கு? நல்ல திடம்."

செருகினாள். பந்தல் தெரிந்தது. வரிசையாக இலை, இலை நிறையச் சோறு. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண் சிரித்தபடி வந்தாள். மோவாயில் குழி.

ஜெபக்கனி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, சித்தப்பாகூட வந்துட்டா!" என்றார் பாக்கியநாதன். சாலொமோன் அதற்குள் கொல்லைக்கு ஓடி மூன்று வாழையிலை அறுத்து வந்திருந்தார். டிவி முன்னால் வரிசையாக உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தார்கள். எமிலி ஒவ்வொரு இலையாகப் பரிமாறிக்கொண்டே வந்தாள். கடைசி இலைக்கு முன் படம் முடிந்துவிட்டது.

"சாம்பார் நமக்கு வரலியே!"

"நாம கடைசியில உக்காந்தது தப்பு. மறுபடி போடு மக்களே."

கேட்க வேண்டுமா? ஜெபக்கனி மறுபடி போட்டாள். மாமன்மார் இடம் மாறி மாறி உட்கார்ந்தார்கள். அவள் அம்மாவைப் பதினாலு தடவை பார்த்தாள். பதினைந்தாம் தடவை, சிரிக்கிற இடத்துக்குப் போக ரிமோட்டில் பின்னோக்கி ஓட்டினாள். திரையில் எமிலி பின்பக்கமாகவே நடந்து, ஒவ்வொரு இலையிலிருந்தும் சாம்பாரை அள்ளி அள்ளி வாளிக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

மூவரும் பதறிப்போய் வெறும் இலைகளின் மேல் குப்புற விழுந்தார்கள்.

"எமிலி! எங்க இலையில கை வச்சிராதம்மா!" என்று அலறினார் சாலொமோன். "நாங்க இன்னும் ஒரு வாய்கூட வைக்கல!"