சுருளி வீட்டுக் குடித்தனக்காரன்

அந்தக் காலத்தில் நத்தைக்கும் புழுவுக்கும் ஒரே பாஷைதான். கடல் உள்வாங்கினால் வெளிப்படும் சேற்றுத் திட்டில், பாறை நிழலிலேயே நத்தைகள் பாசி மேயும். உள்ளான் என்ற நீண்ட அலகுப் பறவை வந்தால், முதலில் பார்க்கும் நத்தை “உள்ளான்! உள்ளான்!” என்று கத்தும். உடனே எல்லாம் ஓட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ளும்.

ஒருநாள் சுருளி என்ற நத்தையின் வாசலில் ஒரு புழு வந்து நின்றது. பேர் நூலன்.

“அக்கா, ஒரு மூலை கொடு. சத்தமே போட மாட்டேன்.”

தனியாக இருந்து அலுத்துப்போன சுருளி, “காலைத் துடைத்துவிட்டு வா” என்றாள்.

“கால் இல்லையே அக்கா.”

“எனக்கும் ஒன்றே ஒன்றுதான். சரி, வா.”

நூலன் சத்தம் போடவில்லை, சாப்பிட்டான். சுருளி விழுங்குவதில் பாதி அவனுக்குப் போயிற்று. பசி தாங்காமல் அவள் நிழலை விட்டு, பாசி கொழுத்த வெயில் பாறைக்கு ஏறத் தொடங்கினாள். நூலனுக்கு உள்ளூரச் சிரிப்பு. உள்ளானின் வெதுவெதுப்பான வயிற்றில்தான் அவன் குடும்பம் பெருகும். அங்கே போக அவன் பிடித்த வண்டிதான் சுருளி.

பக்கத்து வீட்டுக் குமிழிக்கு வாய் சும்மா இருக்காது. “என்னடி, நூலன் உள்ளானா?” என்று தினமும் ராகம் போட்டுக் கேட்பாள். “உள்ளான், உள்ளான்” என்று சுருளியும் சிரிப்பாள்.

ஒருநாள் பாறை உச்சியில் சுருளி மேய்ந்துகொண்டிருந்தபோது, வானத்தில் சிறகு அசைவதைக் குமிழி பார்த்துவிட்டாள்.

“சுருளி! உள்ளான்!”

“உள்ளான்தான். நன்றாகத் தூங்குகிறான்.”

“அடியே, மேலேடி! மேலே!”

“மேலே எங்கே? கீழ் மூலையில்தான் படுத்திருக்கிறான்.”

“ஐயோ, பேசாமல் கதவை அடைடி!”

அந்தக் குரலில் கேலி இல்லை. சுருளி கதவைப் பாதி இழுத்துவிட்டாள்.

“அடைக்காதே அக்கா, புழுங்குகிறது” என்றான் நூலன்.

வீட்டில் இருப்பவனை வேகவிடுவதா? சுருளி கதவை மறுபடி திறந்தாள். அலகு உள்ளே வந்தது.

நூலன் போன இடத்தில் சௌகரியமாகக் குடும்பம் பெருக்கினான். முட்டைகள் உள்ளானின் எச்சத்தோடு சேற்றில் விழ, அவன் பிள்ளைகள் வாசல் வாசலாக மூலை கேட்டுக் கிளம்பின.

அன்று முதல்தான், புழு குடியேறிய நத்தை நிழலை மறந்து மேட்டில் மேய்கிறது. உள்ளானைக் கண்டு ஊரே ஒளியும்போது, அது மட்டும் கதவைத் திறந்துபோட்டு யாருக்கோ காற்று வாங்கித் தருகிறது.