கோணத் தலைத் தளவாய்

ஒரு ஊர்ல ஒரு நாய் பொத்துன்னு விழுந்துச்சு.

ராஜா கிடையாது, ராணி கிடையாது, பூதமும் கிடையாது. நாய்தான். வேணும்னா கேளு, வேணாம்னா இப்பவே தூங்கு. கேக்குறதா இருந்தா ம் கொட்டு கபிலா.

ம்.

விழுந்தவன் பேரு தளவாய். படையை நடத்துறவனுக்கு வெக்கிற பேரு. இவன் நடத்துனதும் படைதான், ஆனா ஆட்டுப் படை. கிடைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? தெரியாம தலையாட்டாத. ஊர் ஊரா ஆட்டை ஓட்டிட்டுப் போயி, அறுப்பு முடிஞ்ச வயல்ல ராத்திரி அடைச்சுப் போடுவாங்க. ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரம். ஒரு வயல் ஆனதும் அடுத்த வயல், ஒரு ஊரு ஆனதும் அடுத்த ஊரு. அதுதான் கிடை. அந்தக் கிடைக்குத் தளவாய்தான் காவல். நரி வந்தா நரியை விரட்டுவான். திருடன் வந்தா வேட்டியை வாங்கிக்கிட்டுத்தான் அனுப்புவான். மூக்கைச் சுத்தி நரைச்சுப் போச்சு, பல்லெல்லாம் தேஞ்சு போச்சு, அப்பவும் அவனைத் தாண்டி ஒரு குட்டி வெளிய போகாது.

அப்பேர்ப்பட்டவன் அன்னிக்குக் காலையில எந்திரிச்சான், ஒரு எட்டு வெச்சான், பொத்து. மறுபடி எந்திரிச்சான், பொத்து. மூணாந்தடவை விழல, ஆனா சுத்த ஆரம்பிச்சுட்டான். ஒரே பக்கமா, செக்கு மாடு மாதிரி, சுத்துறான், சுத்துறான், நிக்கவே மாட்டேங்குறான். தலை வலப்பக்கமாச் சாஞ்சு கிடக்கு. கண்ணு ரெண்டும் விறுவிறுவிறுன்னு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுது. அப்புறம் உவ்வேன்னு வாந்தி எடுத்துட்டு அதுமேலயே படுத்துட்டான்.

ச்சீங்காத. நீ போன வாரம் என் சட்டை மேல எடுத்தியே, நான் ச்சீன்னேனா?

ம்ஹும்.

ஆங். அப்போ இருளாண்டி ஓடியாந்தாரு. அவருதான் தளவாயைக் குட்டியில இருந்து வளத்தவரு. தோள் துண்டாலயே வாயைத் தொடச்சு விட்டாரு. "டேய் தளவா, என்னடா, என்னையப் பாருடா"ங்குறாரு. அவன் பாக்கத்தான் நெனைக்குறான். கண்ணு நிக்க மாட்டேங்குது.

அந்தக் கிடைக்குப் பெரிய ஆளு சாத்தையா. இருளாண்டிக்கு மாமா முறை. அவரு கிட்ட வராம தள்ளியே நின்னு பாத்தாரு. "மாப்ள, எந்திரிச்சு வந்துரு. இது சுத்து நோயி"ன்னுட்டாரு.

சுத்து நோயின்னா ஆட்டுக்கு வர்றது. மூளைக்குள்ள புழுக்கட்டி வெச்சு, ஆடு சுத்திச் சுத்தியே செத்துப் போகும். அந்தப் பேரைக் கேட்டாலே கிடைக்காரங்க பத்தடி தள்ளி நின்னுருவாங்க. பொறந்ததுல இருந்து ஆட்டையே பாத்தவங்க, அதனால யாருக்கு என்ன வந்தாலும் ஆட்டு நோயாத்தான் தெரியும். சாத்தையா சம்சாரத்துக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட மொதல்ல ஆட்டுக்குப் பாக்குற மாதிரி கண் இமையை இழுத்துப் பாத்து, "ரத்தம் இருக்கு, மேய்ச்சலுக்குப் போகலாம்"னவரு அவரு. சிரிக்காத, கதையைக் கேளு.

"மாமா, அது ஆட்டு நோயி. இவன் நாயி"ன்னாரு இருளாண்டி.

"ஆட்டோட படுத்துக் கிடக்குற நாயி. இன்னிக்கு இவன் சுத்துவான், நாளைக்குக் கிடையே சுத்தும். நெத்தியில சூடு இழுத்துப் பாப்போம். அதுக்கும் நிக்கலைன்னா, பொழுது சாயறதுக்குள்ள கண்மாய்க்கு அங்கிட்டுக் கொண்டு போயிக் கொன்னுரு."

"செத்துப் போயிருமா?"

குறுக்க கேக்காத கபிலா. எல்லா நாயும் ஒரு நாள் சாகும், உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். ஆனா இந்தக் கதையில சாகல. போதுமா? ம் கொட்டு.

ம்.

அப்புறம் சாத்தையா கம்பியை நெருப்புல வெச்சாரு. செவசெவன்னு காஞ்சிருச்சு. எடுத்துக்கிட்டு வர்றாரு, வர்றாரு. இருளாண்டி தளவாய்க்கு முன்னால போயிச் சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. "மொதல்ல என் நெத்தியில இழுங்க மாமா. வேலை செய்யுதான்னு பாத்துட்டு அவனுக்குப் போடலாம்"னாரு.

சாத்தையா கம்பியையும் பாத்தாரு, மாப்பிள்ளையையும் பாத்தாரு. "ஒனக்கு எந்தச் சூடும் வேலை செய்யாதுடா"ன்னு சொல்லிக் கம்பியைத் தண்ணிக்குள்ள விட்டாரு. சொய்ய்ங். "பொழுது சாயற வரைக்கும்தான் பாத்துக்க."

அப்போ இருளாண்டி என்ன பண்ணாரு, ஆட்டுக்குட்டியைத் தூக்குற மாதிரி தளவாயைக் கழுத்துல போட்டாரு. முன்னங்கால் ஒரு கையில, பின்னங்கால் ஒரு கையில. தளவாய்க்குப் பிடிக்கவே இல்ல. தலை சுத்துது, வாய்ல நுரை ஒழுகுது, அந்த நேரத்துலயும் கர்ர்ர்ங்குறான். என்னையவா தூக்குறங்குற கோவம். அந்தக் கர்ரைக் கேட்டதும்தான் இருளாண்டிக்கு உசுரே வந்துச்சு.

வழியில டீக்கடைக்காரரு ஒருத்தரு. "ஏப்பா ஆட்டுக்காரா, நாய் ஒன்னைய ஓட்டிட்டுப் போகுதா?"ன்னு சிரிச்சாரு. "யாருன்னு தெரியுமா இவன்? தளவாய்! ஒங்க ஊரு நரிக்கெல்லாம் தெரியும், அதுககிட்டப் போயிக் கேளு"ன்னுட்டு இருளாண்டி நிக்காமப் போனாரு.

அப்புறம் மாட்டாஸ்பத்திரி வந்துச்சு. அங்க ஒரு டாக்டரம்மா. தளவாயை மேசை மேல கிடத்துனாங்க.

"என்னண்ணே ஆச்சு?"

"சுத்து நோயிங்குறாங்க தாயி. கொல்லச் சொல்றாங்க."

"யாரும் யாரையும் கொல்ல வேணாம், இருங்க. வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டிருக்கா?"

"வருசா வருசம் போட்டுருவேன் தாயி. எனக்குப் போட மறந்தாலும் அவனுக்கு மறக்க மாட்டேன்."

"ஒங்களுக்கு எதுக்குண்ணே போடணும்?"ன்னு கேட்டுக்கிட்டே டாக்டரம்மா மொதல்ல காதுக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பாத்தாங்க. சீழ் இல்ல, புண்ணு இல்ல. ம்னாங்க. ரெண்டாவது ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சாங்க. தளவாய்க்குக் கிண்ணம் ஓடுற மாதிரி தெரியுது போல. மூக்கைக் கொண்டு போயி டங்குன்னு இடிச்சான். மறுபடி டங். இருளாண்டி கிண்ணத்தைப் புடிச்சு வாய்க்கிட்ட வெச்சாரு. சளப் சளப் சளப். தொண்டையில இறங்குச்சு. டாக்டரம்மா மறுபடி ம்னாங்க. நீயும் சொல்லு.

ம்.

மூணாவதுதான் பெருசு. முன்னங்காலைப் புடிச்சு, பாதத்தைத் தலைகீழா மடக்கி மேசை மேல வெச்சாங்க. "அவனாத் திருப்பி வெச்சுக்கிட்டா மூளையில பெருசா ஒண்ணும் இருக்காது. அப்படியே கிடந்துச்சுன்னா கஷ்டம்ணே." இருளாண்டி குனிஞ்சு அந்தப் பாதத்தையே பாக்குறாரு. பாதம் மடங்கிக் கிடக்கு. கிடக்கு. தளவாய் அதைப் பாக்கக்கூட இல்ல. அப்புறம் டக்! திருப்பி வெச்சான். வெச்சுட்டு டாக்டரம்மாவைப் பாத்து ஒரு கர்ர்.

"ரோசக்காரன்"னு டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "இது சுத்து நோயி இல்லண்ணே. ஆட்டுக்கும் ஒட்டாது. காதுக்கு உள்ள, நாம விழாம நிக்கிறதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. வயசான நாய்க்குச் சில நேரம் அது திடீர்னு கெட்டுப் போகும். ஏன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. இப்ப அவனுக்கு இந்த ஊரே ராட்டினம் மாதிரி சுத்தும். வாந்திக்கு ஊசி போடுறேன், மத்தது தானா அடங்கணும். பெரும்பாலும் அடங்கிரும். கையால ஊட்டுங்க. தலை மட்டும் கோணலாவே நின்னாலும் நின்னுரும்."

"நிக்கட்டும் தாயி. கோணலா இருந்தாலும் அவன் தலைதான்"னாரு இருளாண்டி. மூக்கை உறிஞ்சுனாரு. அழுதாரான்னு கேக்காத. அழுதாரு.

அப்புறம் கிடைக்கு வந்து சொன்னா, சாத்தையா நம்பல. "காதுக்குள்ள நிக்கிற எடமா? நான் இம்புட்டு நாளாக் கால்லதான நிக்கிறேன்"னாரு. ஆனா ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு மனசு கொஞ்சம் எறங்குச்சு. "சரி. கிடை பெயர்ற அன்னிக்கு அவனா எந்திரிச்சு நடக்கணும். நடந்தா வரட்டும். நடக்கலைன்னா இங்கயே விட்டுட்டுப் போறோம். வழி பூரா நாயைச் சுமக்க நம்மகிட்ட ஆளு கிடையாது."

அப்போ இருந்து இருளாண்டிக்கு வேற வேலையே இல்ல. ரெண்டு சாக்குல வைக்கோலைத் திணிச்சு, நடுவுல தளவாயைச் சாச்சு வெச்சாரு. சோத்தைப் பிசைஞ்சு உருண்டை உருண்டையா ஊட்டுனாரு. தளவாய் மொத உருண்டையைத் துப்புனான். ரெண்டாவதையும் துப்புனான். மூணாவதுல கருவாடு இருந்துச்சு, முழுங்கிட்டான். ஒன்ன மாதிரியே.

கண்ணு ஓடுறது குறைஞ்சுச்சு. ஒரு நாள் எந்திரிச்சான், பொத்து. இன்னொரு நாள் எந்திரிச்சு ரெண்டு எட்டு வெச்சான், பொத்து. இளவட்ட நாய் ரெண்டு நின்னு வேடிக்கை பாக்குதுக. தளவாய்க்கு அதுதான் தாங்கல. தரையில படுத்துக்கிட்டே அதுகளைப் பாத்துப் பல்லைக் காட்டுனான். இருளாண்டி கை குடுக்கப் போனா, அவருக்கும் பல்லைக் காட்டுனான். "சரிடா, நீயே எந்திரி"ன்னு அவரு திரும்பி உக்காந்துக்கிட்டாரு. அப்போ ஒரு கிழட்டுச் செம்மறி பக்கத்துல வந்து புல்லைக் கடிச்சுச்சு. தளவாய் அது வயித்துல சாஞ்சுக்கிட்டே எந்திரிச்சான். ஆடு நகர நகர அவனும் நகருறான். அப்புறம் ஆடு ஒரு பக்கம் போச்சு, அவன் ஒரு பக்கம் போனான். விழல!

இருளாண்டி திரும்பியே பாக்கலையாம். நிழலைப் பாத்தாராம். கோணலா ஒரு நிழல், தனியா நடக்குது.

தூங்கிட்டியா?

ம்.

தூங்கிட்டு எவன்டா ம் கொட்டுவான். கடைசி வந்துருச்சு, கேளு.

கிடை பெயர்ற நாள். தளவாய் அவனா எந்திரிச்சு வந்து நின்னான். தலை வலப்பக்கம் சாஞ்சு, யாரோ பேசுறதைக் காது குடுத்துக் கேக்குற மாதிரி. சாத்தையா மேலயும் கீழயும் பாத்தாரு. "சொன்ன சொல்லு சொன்னதுதான், வரட்டும். ஆனா கயித்தைப் போட்டு நம்ம சாமான் வண்டிக்குப் பின்னால கட்டு மாப்ள. இந்தக் கோணத் தலையோட முன்னால போனான்னா, வழியில இருக்குற ஊரெல்லாம் நம்ம கிடையைப் பாத்துச் சிரிக்கும்."

இருளாண்டி கயித்தை எடுத்துக்கிட்டாரு. கையிலயே வெச்சுக்கிட்டு நடந்தாரு.

அப்புறம் பெரிய ரோடு வந்துச்சு. ஆட்டையெல்லாம் தாண்ட வைக்கணும். லாரின்னா லாரி, பஸ்ஸுன்னா பஸ்ஸு. பாதி ஆடு அங்கிட்டுப் போயிருச்சு, சாத்தையாவும் அங்கிட்டு. மீதி இங்கிட்டு. நடுவுல ஒரு லாரி வருது, பாம் பாம் பாம்! இளவட்ட நாய் ரெண்டும் சாமான் வண்டிக்கு அடியில போயிப் பதுங்கிருச்சுக. குட்டிக மே மேன்னு கத்துதுக.

அப்போ தளவாய் கிளம்புனான். நேராப் போக முடியல அவனுக்கு. அதனால கோணலாக் கிளம்புனான், கோணலாவே போயி, சரியா நடு ரோட்டுல வந்து நின்னான். நாலு காலையும் அகட்டி வெச்சுக்கிட்டு, லாரியைப் பாத்து நின்னான். பாம்! நகரல. பாம் பாம்! நகரல. புஸ்ஸ்ஸுன்னு லாரி நின்னு போச்சு. மே மே மேன்னு ஆடு பூரா அவன் முதுகுக்குப் பின்னால தாண்டுது.

லாரிக்காரரு தலையை வெளிய நீட்டி, "யோவ், ஒன் நாய் என்னைய என்னமோ கேக்குதுய்யா"ன்னாரு.

"ஆமா, அவன் தளவாய். கேட்டா பதில் சொல்லிட்டுத்தான் போகணும்"னாரு இருளாண்டி. நெஞ்சு இம்புட்டு அகலத்துக்கு நிக்குது.

அங்கிட்டு இருந்து சாத்தையா கத்துறாரு: "மாப்ள! கட்டுன்னு சொன்னேன்ல! அவனைக் கட்டுடா!"

அம்புட்டுத்தான் கதை. கதையும் ரோட்டைத் தாண்டிருச்சு, ஆடும் தாண்டிருச்சு, நீ காலை நீட்டித் தூங்கு. என்ன? கட்டுனாராவா? கயிறு கையிலதான் இருந்துச்சு. மாமாவும் தொண்டை கிழியக் கத்துனாரு.

கட்டலடா.