மறித்த கை

குன்றடி மடத்துப் பந்தியில் ஒரு முறை உண்டு. பரிமாறுகிறவர் போதுமா என்று கேட்கக் கூடாது. அவராக நிறுத்தவும் கூடாது. சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையை மறித்தால்தான் கரண்டி நிற்க வேண்டும்.

மடத்துக்குத் தலைவி பூரணி அம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சிவக்கொழுந்துக்கோ தலை முழுக்க நரை. அம்மை அவரை ஐயா என்பார். அவர் அம்மையை அம்மா என்பார். மடத்துப் பள்ளியில் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போடுவது அவர் வேலை.

இரண்டாம் வகுப்பில் அரசி என்று ஒரு பெண். நல்ல உடம்புவாகு. பந்திப் பாயில் அவள் உட்கார்ந்ததும், அவள் கனத்தில் தூக்கிப் போட்டதுபோல வரிசையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வேண்டுமென்றே ஒரு சாண் எம்பி விழுவார்கள். சொல்லி வைத்த மாதிரி நடக்கும். முதல் தடவை பார்த்தபோது சிவக்கொழுந்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. அரசியும் கூடச் சிரித்தாள்.

பிறகு அவள் மறுசோறு வாங்கும்போதெல்லாம், பூசணிக்கு வாளியோடு கவிழ்த்துடுங்க தாத்தா என்று ஒரு குரல் கிளம்பும். சிவக்கொழுந்துக்குப் பாவமாக இருந்தது. வாங்கினால்தானே சிரிக்கிறார்கள் என்று, மறுசோற்றின்போது அவள் இலையை மட்டும் பார்க்காததுபோல் தாண்டிப் போனார். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார்.

தாண்டும்போது அவள் நிமிர்ந்து பார்ப்பாள். கொஞ்ச நாளில் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். அப்புறம் முதல் சோற்றுக்கே கையை மறிக்க ஆரம்பித்தாள். முறை முறைதானே என்று அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு காலையில் பிரார்த்தனை வரிசையில் அரசி சுருண்டு விழுந்தாள்.

அவள் அம்மா பேச்சியம்மாள் மடத்துக்கு வந்து அழுதாள். வீட்டிலும் பிள்ளை சோற்றுக்கு வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாளாம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்களாம். இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

சிவக்கொழுந்து அம்மையிடம் போய் நின்றார்.

"பிள்ளைங்க வாய் அடங்குற மாதிரி ஒரு கதை சொல்லுங்கம்மா. நாளைக்கே அவங்களுக்குச் சொல்லிடுறேன்."

"நாளைக்கு நீங்க பந்தியில உட்காருங்க, ஐயா. நான் பரிமாறுறேன்."

மறுநாள் அவர் அரசியின் இடத்தில் உட்கார்ந்தார். அம்மை முதல் சோறு போட்டார். மறுசோற்றுக்கு இலை இலையாக வந்தவர், அவர் இலையைத் தாண்டிப் போனார். மறந்துவிட்டார் போல என்று சிவக்கொழுந்து நினைத்துக்கொண்டார். ரசத்துக்கும் தாண்டினார்.

பக்கத்தில் இருந்த செண்பகம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குனிந்து அடுத்த பிள்ளையின் காதில் சொன்னாள்.

"தாத்தாவுக்குக் கிடையாதாம்டி."

"ஏனாம்?"

"நிறையத் திங்கும் போல."

சிவக்கொழுந்து குச்சி மாதிரி இருப்பார். இடுப்பில் வேட்டி நிற்காது. ஆனாலும் சோத்துமூட்டை என்ற பேச்சு வரிசையின் கடைசிவரை போய்ச் சிரிப்பாகத் திரும்பி வந்தது. அவருக்குக் காது சுட்டது. தலையைத் தூக்க முடியவில்லை.

மோருக்கு அம்மை அவர் முன்னால் வந்து நின்றார். சிவக்கொழுந்துக்கு ஆசைதான். ஆனால் அவர் கை தானாக எழுந்து இலையை மறித்தது.

அம்மை கரண்டியை நிறுத்தி அடுத்த இலைக்குப் போனார்.

அன்று சாயங்காலமே சிவக்கொழுந்து வாளி நிறையப் பருப்புச்சோறு எடுத்துக்கொண்டு அரசியின் வீட்டுக்குப் போனார். பாயில் படுத்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பேச்சியம்மாள் அவளைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, முன்னால் தட்டை வைத்தாள்.

நேற்று கூடப் படிக்கிற பிள்ளைகள் வந்து பார்த்தார்களாம். இப்பத்தான்டி நீ அழகா இருக்கே என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் தட்டை மகள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

சிவக்கொழுந்து குழந்தைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அரசி, தாத்தா தப்புப் பண்ணிட்டேன்டா. இனிமே உன் இலையைத் தாண்ட மாட்டேன். எத்தனை தரம் வேணாலும் போடுறேன்."

அவள் கோபமாகப் பார்க்கவில்லை. சின்னக் கையைத் தட்டுக்கு மேல் மறித்தாள். பிறகு, அவர் உட்கார இடம் விட்டு நகர்ந்தாள். பாய் அசையாதபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு மெதுவாக நகர்ந்தாள்.

அவர் சோறு அள்ளிய கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்புறம் சோற்றை வாளியிலேயே போட்டுக்கொண்டு எழுந்தார்.

மடத்து வாசலில் அம்மை படியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"போட்டீங்களா, ஐயா?"

"கையை மறிச்சுட்டாம்மா."

அம்மை தண்ணீரை ஊற்றினார்.

"மறிச்சா நிறுத்தணும்கிறது நம்ம முறை. நான் எப்படிம்மா மீறிப் போடுவேன்? அவ கையைத் தள்ளிவிட்டா போடுறது?"

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"அது அவ கை இல்ல, ஐயா. மத்தியானம் மோருக்கு மறிச்சது உங்க கையா?"

சிவக்கொழுந்து வாளியைப் பிடித்திருந்த தன் கையைக் குனிந்து பார்த்தார். வாளியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.